வெட்டும்போதே எழுதி வையுங்கள்

மாமல்லபுரத்துப் பட்டறைகளிலும் சிற்பக் கல்லூரியிலும் கல் வேலை பழகும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



உங்களில் பலர் ஆசையோடு கைப்பேசியை நீட்டி, செய்த வேலைகளை எனக்குக் காட்டியிருக்கிறீர்கள். பிள்ளையார், அமர்ந்த புத்தர், யாளி, கல்விளக்கு என்று எல்லாம் எண்ணெய் பூசி மினுமினுக்கும் படங்கள். வேலை சுத்தமாகவே இருக்கிறது. ஆனால் “இந்த முகம் பாதியில் எப்படி இருந்தது? மூக்கை எந்த நாளில் இறக்கினாய்? இந்தக் கை ஏன் இவ்வளவு ஒட்டி நிற்கிறது?” என்று கேட்டால் காட்ட உங்களிடம் ஒரு படமும் இருப்பதில்லை. நினைவிலிருந்து சொல்ல முயல்கிறீர்கள், அதுவும் தெளிவாக வருவதில்லை. அந்தக் குறை பற்றித்தான் இந்தக் கடிதம். நீங்கள் செய்துகொண்டிருக்கும் வேலையை, செய்துகொண்டிருக்கும்போதே பதிவு செய்யுங்கள் என்று உங்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

மற்ற ஊடகங்களில் வேலை செய்பவர்களைவிட நமக்கு இது அதிகம் தேவை. களிமண்ணில் செய்பவர் தப்பாக எடுத்ததைத் திரும்ப ஒட்டலாம். சுவாமிமலையில் மெழுகு பிடிப்பவர் பிடிக்காத விரலை உருக்கி வேறு விரல் செய்யலாம். ஓவியர் மேலே தீட்டினாலும் பழைய கோடு அடியில் இருக்கும், எக்ஸ்-கதிர் வைத்தால் தெரியும். கல்லில் அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொரு நிலையும் முந்தைய நிலையை அழித்துவிட்டுத்தான் வருகிறது. காலையில் போட்ட காவிக்கோடு மதியத்துக்குள் சில்லோடு சில்லாகத் தரையில் கிடக்கும். சாயங்காலம் அதைப் பெருக்கி வெளியே கொட்டிவிடுவோம். ஒரு சிலையைச் செய்யும்போது சிற்பி எங்கே தயங்கினார், எங்கே துணிந்தார், எங்கே மனத்தை மாற்றிக்கொண்டார் என்பதெல்லாம் அந்தச் சில்லுக் குவியலோடு போய்விடுகிறது. கடைசியில் மெருகு ஏற்றும்போது உளியின் தடமும் போகிறது. மிஞ்சும் சிலை முடிவை மட்டும்தான் சொல்கிறது. அந்த முடிவுக்கு வந்த வழி அதில் இருக்காது.

நீங்கள் வேலை பழகும் ஊரிலேயே இதற்கு விதிவிலக்கு உண்டு. சுற்றுலா வருபவர்கள் அர்ச்சுனன் தபசையும் கடற்கரைக் கோயிலையும் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறிவிடுவார்கள். நீங்கள் அப்படிப் போகக்கூடாது. பிடாரி ரதங்கள் இரண்டையும், வலையன்குட்டை ரதத்தையும் போய்ப் பாருங்கள். மேலே விமானம் தெளிவாக எழுந்திருக்கிறது. கீழே போகப் போக வேலை முரடாகி, அடியில் வெறும் பாறையாக நிற்கிறது. மேலிருந்து கீழே இறங்கி வந்திருக்கிறார்கள். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். வெட்டிய சில்லு முடிந்த வேலையின் மேல் விழாது. சாரம் கட்டாமல், இன்னும் வெட்டாத பாறையையே நிற்கும் தளமாக வைத்துக்கொள்ளலாம். பீம ரதத்தின் அடிப்பகுதியிலும் இந்த முடியாத வேலையைப் பார்க்கலாம். கழுகுமலை வெட்டுவான் கோயிலில் பாண்டியர்களின் சிற்பிகளும் இதே முறையில்தான் இறங்கியிருக்கிறார்கள், அதுவும் முடியாமலே நிற்கிறது.

முடியாத குடைவரைகளுக்குள் போனால் இன்னும் நெருக்கமாகப் பார்க்கலாம். பாறை முகத்தில் கட்டம் கட்டமாகக் கோடு பிரித்து, கோட்டின் வழியே ஆழமாகக் காடி எடுத்து, நடுவில் துருத்தி நிற்கும் சதுரங்களைத் தட்டி உடைத்திருக்கிறார்கள். சில இடங்களில் சதுரங்கள் உடைபடாமல் அப்படியே நிற்கின்றன. தபசுப் பாறைக்குத் தெற்கே சற்றுத் தள்ளி, அதே காட்சியை இன்னொரு பாறையில் தொடங்கிப் பாதியில் விட்டிருக்கிறார்கள். உருவங்கள் தட்டையாக, வெளிக்கோட்டோடு நிற்கின்றன. எந்த உருவத்தை முதலில் எடுத்தார்கள், எதைப் பின்னுக்கு வைத்தார்கள், ஒரு யானையின் முதுகுக்கும் அதன் பின்னால் இருக்கும் ஆளுக்கும் நடுவில் எவ்வளவு கல்லை விட்டுவைத்தார்கள் என்பதெல்லாம் அங்கே பாடமாக இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி தன் வேலைமுறையைப் பற்றி நமக்கு விட்டுப்போன குறிப்பேடு இந்தப் பாறைகள்தாம். எதற்காக வேலை நின்றதோ, அது அவர்களுக்கு இழப்பு. நமக்கு அதனால்தான் கற்க ஏதோ கிடைத்திருக்கிறது. எல்லாமே முடிந்திருந்தால் இன்றைக்கு நாம் வியந்துகொண்டு நிற்போமே தவிர, கற்றுக்கொள்ள வழி இருந்திருக்காது.

எகிப்தில் அரசர்களின் பள்ளத்தாக்கில் ஹோரெம்ஹெப் என்ற மன்னரின் கல்லறையும் முடியாமல் நின்ற வேலைதான். சுவரில் சிவப்புக் கோட்டில் முதல் வரைவு, அதன் மேல் கறுப்புக் கோட்டில் திருத்தம், அதற்கப்புறம் உளி என்று படிப்படியாக இன்றும் தெரிகிறது. 3000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பட்டறையில் ஒருவர் வரைந்ததை இன்னொருவர் திருத்தியதை நாம் கண்ணால் பார்க்கிறோம். அங்கும் வேலை நின்றுபோனதால்தான் இந்தப் பதிவு தப்பியது. உங்கள் வேலை நின்றுபோக வேண்டியதில்லை. முடித்துக்கொண்டே பதிவும் செய்ய உங்களிடம் கருவி இருக்கிறது, சட்டைப்பையிலேயே.

எதைப் பதிவு செய்வது என்று கேட்பீர்கள். முதல் அடி விழுவதற்கு முன்னாலேயே தொடங்குங்கள். கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது தட்டிப் பார்க்கிறோம். வெண்கல மணிபோல் நீண்டு ஒலிப்பதையும், மெல்லக் குழைந்து ஒலிப்பதையும், ஒலியே இல்லாமல் மொத்தென்று இருப்பதையும் பிரித்துத்தான் ஆண்கல், பெண்கல், அலிகல் என்று பெரியவர்கள் சொல்லித் தந்தார்கள். இந்த ஒலியைச் சொல்லால் விளக்க முடியாது. கைப்பேசியில் பதிந்து வைக்கலாம். வேலை நடுவில் உளியின் ஒலி திடீரென மாறும், உள்ளே விரிசல் இருக்கிறது என்று கை சொல்லும். அந்த இடத்தில் நிறுத்தி, அந்த ஒலியையும் பதிந்து வையுங்கள். இரண்டு தலைமுறை கழித்துப் பழகவரும் பிள்ளைக்கு அது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத பாடம்.

அடுத்தது காவிக்கோடு. நம் வேலையில் மிக வேகமாக அழிவது அதுதான். மையக்கோட்டை நூல் அடித்துப் போட்டு, தாலக்கணக்கைப் பிரித்து, முன்முகத்திலும் பக்கங்களிலும் உருவத்தை வரைகிறீர்கள். ஒரு படலம் கல் போனதும் கோடு போய்விடும், மறுபடி வரைகிறீர்கள். ஒவ்வொரு முறை வரைந்து முடித்ததும், உளியை எடுக்குமுன் ஒரு படம் எடுங்கள். முதல் தடவை வரைந்த தோளும் நாலாம் தடவை வரைந்த தோளும் ஒரே இடத்தில் இருக்காது. அந்த விலகலில்தான் நீங்கள் யோசித்தது இருக்கிறது.

படம் எடுப்பதில் சில விஷயங்களை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் நின்று எடுங்கள். தரையில் சுண்ணாம்பில் ஓர் அடையாளம் போட்டுக்கொண்டால் போதும். சிலையின் நெஞ்சு உயரத்துக்குக் கைப்பேசி இருக்கட்டும். மிக நெருங்கி எடுத்தால் மூக்கும் முழங்காலும் பெருத்துத் தெரியும், நீங்கள் வெட்டாத தப்பைக் கேமரா வெட்டிவிடும். நாலைந்து அடி தள்ளி நின்று, பெரிதாக்கி எடுங்கள். உச்சி வெயிலில் எடுத்த படம் எதையும் காட்டாது, எல்லாம் சப்பையாகிவிடும். காலையிலும் மாலையிலும் பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெளிச்சத்தில் ஒரு நூல் மேடு பள்ளம்கூடப் புலப்படும். முன்பக்கம் மட்டும் எடுத்துவிட்டு நிற்காதீர்கள். இரண்டு பக்கமும், முதுகும் வேண்டும். யாரும் பார்க்காத முதுகில்தான் பெரும்பாலும் சிற்பியின் அவசரம் தெரிகிறது. பக்கத்தில் ஓர் அளவுகோலைச் சாய்த்து வையுங்கள்.

படத்தைவிட முக்கியம் எழுத்து. ஒரு வரி போதும், ஆனால் அதில் “ஏன்” இருக்க வேண்டும். “இடது கையை உடம்போடு ஒட்ட விட்டேன், அந்தப் பக்கம் வரி ஓடுகிறது.” “வயிற்றை இன்னும் இறக்கவில்லை, மாலை ஆழம் தெரியட்டும் என்று காத்திருக்கிறேன்.” இப்படி எழுதினால் போதும். இன்றைக்கு எட்டு மணி நேரம் வேலை செய்தேன் என்று எழுதுவதால் பயன் கொஞ்சம்தான்.

இப்போது, இது எல்லாம் கைக்கு எப்படி உதவும் என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு இதுதான் விஷயத்தின் உயிர்.

நம் மரபு அளவைத் தருகிறது. உத்தம தசதாலத்தில் உருவத்தின் உயரம் 124 அங்குலம் என்று பிரித்து, தலை எவ்வளவு, கழுத்து எவ்வளவு, நெஞ்சு எவ்வளவு என்று வகுத்திருக்கிறது. அம்மன் உருவத்துக்கு 120. இந்தக் கணக்கைப் பிசகாமல் கற்றுக்கொள்ளுங்கள், அதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை. ஆனால் ஒரே தாலத்தில் இரண்டு பேர் செய்த இரண்டு சிலைகளை நிறுத்தினால் ஒன்று பேசும், ஒன்று பேசாது. அளவு சரியாக இருந்தும் அப்படி ஏன் ஆகிறது? எந்த இடத்தை முதலில் எடுப்பது, எதைக் கடைசிவரை விட்டுவைப்பது, எங்கே நிறுத்துவது என்பதை எந்தச் சாஸ்திரமும் உங்களுக்காக முடிவு செய்வதில்லை. அதை உங்கள் கை தினமும் முடிவு செய்கிறது, பெரும்பாலும் உங்களுக்கே தெரியாமல். கையில் பழகிப்போனதை வெளியே நின்று பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பார்க்க நடுவில் எடுத்த படங்கள் வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு தங்கை இதைச் செய்தாள். முதலில் கட்டளைக்குக் கீழ்ப்படிகிற மாதிரிதான் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். சில வேலைகள் சேர்ந்தபின் ஒருநாள் எல்லாவற்றின் நடுநிலைப் படங்களையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தோம். முகம் இன்னும் பட்டை பட்டையாக, கண்ணிமையும் கன்னமும் தளங்களாக மட்டும் பிரிந்து நின்ற நிலையில் ஒவ்வொரு முகமும் வேறாக இருந்தது. ஒன்றில் கோபம், ஒன்றில் களைப்பு, ஒன்றில் ஒரு பிடிவாதம். பிறகு அவள் அவற்றை உருட்டி, வழவழப்பாக்கி, மெருகு ஏற்றியதும் எல்லாம் ஒரே முகமாகிவிட்டன. நல்ல முகம்தான், கடையில் எளிதாக விலைபோகும் முகம். அவள் வெகுநேரம் அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வேலையில், கூலிக்கு உழைக்கும் ஒரு பெண்ணின் தலை அது, கன்னத்தைத் தளமாகவே விட்டாள். கழுத்துக்குக் கீழே பொளித் தடத்தை அப்படியே வைத்துக்கொண்டாள். மெருகு உதட்டுக்கு மட்டும். அதற்குப் பிறகு அவள் செய்த கல்லை எங்கே பார்த்தாலும் அவளுடையது என்று சொல்லிவிடுவேன். யாரும் அவளுக்குப் புதிதாக ஒன்றும் சொல்லித் தரவில்லை. அவளிடம் ஏற்கெனவே இருந்ததை அவளே மெருகு வைத்து அழித்துக்கொண்டிருந்தாள் என்பதை அந்தப் படங்கள் காட்டின.

பெரிய கலைஞர்களும் இப்படிச் செய்திருக்கிறார்கள். பிரான்சில் ரோதான் தன் உருவங்கள் பட்டறையில் பாதி வேலையில் நிற்கும்போதே படமெடுக்க ஏற்பாடு செய்தார். அந்தப் படங்களின் மேலேயே பேனாவால் கோடு போட்டு, எங்கே மாற்ற வேண்டும் என்று குறித்தார். படம் அவருக்கு வேலைக்கருவியாக இருந்தது. ருமேனியாவிலிருந்து பாரிஸுக்கு வந்து நேரடியாகக் கல்லில் வெட்டிய பிரான்குசி, புகைப்படக் கலைஞர் மான் ரேயிடம் உதவி கேட்டுக் கேமராவும் இருட்டறையும் அமைத்துக்கொண்டு, தன் சிற்பங்களைத் தானே படமெடுத்தார். தன் கல்லின் மேல் வெளிச்சம் எப்படி விழ வேண்டும் என்பதை வேறு ஒருவர் முடிவு செய்ய அவர் விடவில்லை. உங்கள் படங்களை அச்சுப் போட்டு, அதன் மேல் சிவப்புப் பென்சிலால் கோடு போடுங்கள். கல்லில் ஒரு தடவைதான் தப்பு செய்யலாம், காகிதத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம்.

பதிவில் ஆட்களின் பெயரும் இருக்க வேண்டும். இதை வற்புறுத்திச் சொல்கிறேன். பூஞ்சேரியில் நொண்டி வீரப்பன் தொட்டி என்று ஊரார் அழைக்கும் பாறையில் பல்லவர் காலத்துப் பெயர்கள் சில வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான் என்று போகும் அந்த வரிசையில் கொல்லன் சேமகன் என்று ஒரு பெயரும் வருகிறது. இவர்கள் மாமல்லபுரத்தில் வேலை செய்தவர்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அரசர்களின் பட்டப்பெயர்கள் குடைவரைகளிலும் ரதங்களிலும் நிறைந்திருக்க, வேலை செய்தவர்கள் ஊருக்கு வெளியே ஒரு பாறையில் தங்கள் பெயரை வெட்டிக்கொண்டார்கள். அதில் உளிக்குக் கூர் வைத்துக் கொடுத்த கொல்லனையும் சேர்த்துக்கொண்டார்கள். கருங்கல்லில் இரும்பு உளி எவ்வளவு வேகமாக மழுங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். உலைக்களம் இல்லாமல் எந்தத் தபசும் இல்லை. உங்கள் குறிப்பில் கல்லை உடைத்துக் கொடுத்தவர், உளிக்குப் பதம் வைத்தவர், முதல் முரட்டு வேலையை எடுத்தவர், மெருகு போட்ட அக்கா என்று எல்லோர் பெயரும் வரட்டும். பெண்கள் பெரும்பாலும் மெருகு வேலையில்தான் இருக்கிறார்கள், அவர்கள் பெயர்தான் எங்கும் வருவதில்லை.

பட்டறைப் பெரியவர்கள் சிலருக்கு இதெல்லாம் பிடிக்காது. “கல்லைப் பார்த்து வேலை செய், கேமராவைப் பார்த்துச் செய்யாதே” என்பார்கள். அவர்கள் சொல்வதில் பெரிய உண்மை இருக்கிறது. எடுத்த படத்தை அன்றைக்கே ஊருக்குக் காட்டினால், அடுத்த நாள் ஊருக்காக வெட்டத் தொடங்கிவிடுவீர்கள். பாராட்டு வந்த இடத்தில் கை நின்றுவிடும், இன்னும் இரண்டு விரல் ஆழம் போக வேண்டிய கல் அங்கேயே முடிந்துவிடும். அதனால் நடுநிலைப் படங்களை வேலை முடியும்வரை வெளியே விடாதீர்கள். உங்களுக்கும், உங்கள் ஆசிரியருக்கும் மட்டும் இருக்கட்டும். வழிபாட்டுக்குப் போகும் மூர்த்தி என்றால் ஸ்தபதியிடம் கேட்டு, அவர் சொல்லும் எல்லையோடு நின்றுகொள்ளுங்கள். கண் திறக்கும் சடங்கில் கேமராவுக்கு வேலை இல்லை.

இன்னொரு பயமும் சொல்கிறார்கள், படத்தைப் பார்த்து மற்றவர்கள் காப்பியடித்துவிடுவார்கள் என்று. முடிந்த சிலையைத்தான் காப்பியடிக்கிறார்கள், அதுவும் இப்போது எந்திரத்தில். மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் வாங்க வருபவர் சி.என்.சி. எந்திரம் செதுக்கி மேலே கொஞ்சம் உளி போட்ட சிலையையும், அடி முதல் கையால் வெட்டியதையும் பார்த்த மாத்திரத்தில் பிரிக்க முடியாது. கையால் வெட்டியவரிடம்தான் மனம் மாறிய கோடுகளும், தேதியிட்ட பாதி முகமும் இருக்கும். நியாயமான விலை கேட்க அதைவிட வலுவான சான்று உங்களுக்கு வேறு கிடைக்காது.

பெரிய வேலைகளில் பதிவு தானாகவே நடந்துவிடுகிறது. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை வை. கணபதி ஸ்தபதி எழுப்பியபோது, கரையில் வெட்டிய கற்களைக் கடலுக்கு நடுவே பாறையில் கொண்டுபோய் அடுக்க வேண்டியிருந்தது. வரைபடமும் கணக்கும் இல்லாமல் ஒரு கல்லும் நகர்ந்திருக்காது. இரண்டடிப் பிள்ளையாருக்கு யாரும் வரைபடம் வைப்பதில்லை. ஆனால் உங்கள் கை வளர்வது அந்த இரண்டடிப் பிள்ளையார்களில்தான்.

உங்கள் படங்களில் இன்னொன்றும் தெரியும், அதையும் பார்க்கச் சொல்கிறேன். கிரைண்டர் ஓடும்போது எழும் புழுதி வெள்ளையாக உங்களைச் சூழ்ந்திருக்கும். உங்கள் முகத்தில் ஒரு துண்டுகூட இருக்காது. கருங்கல் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கி வரும் சிலிக்கோசிஸ் நோய்க்குத் திரும்பிப் போகும் வழி கிடையாது. இருமி இருமிப் பட்டறையை விட்டுப்போன நல்ல கைகளை நான் அறிவேன். சாதாரணத் துணி அந்த நுண்தூசியைத் தடுக்காது. அதற்கான முகமூடியைப் போடுங்கள், தண்ணீர் விட்டு அறுங்கள். உங்கள் படத்தை நீங்களே பார்த்தால் நான் சொல்லாமலே புரியும்.

கடைசியாக, கல் உடையும். மூக்கு நுனி பறக்கும், அல்லது எட்டு வாரம் உழைத்த கை தோளோடு வரும். அன்றைக்குக் கைப்பேசியைத் தொடவே மனம் வராது. அன்றைக்குத்தான் எடுக்க வேண்டும். உடைந்த முகத்தின் உள்ளே வரி எப்படி ஓடியிருக்கிறது, கடைசி அடி எந்தக் கோணத்தில் விழுந்தது, உளி கூராக இருந்ததா என்று எழுதுங்கள். உடைந்த துண்டில் தேதியை வெட்டி, பட்டறை மூலையில் வையுங்கள். 1957-இல் தொடங்கிய உங்கள் கல்லூரியில் முடிந்த சிலைகளுக்கு நடுவே இப்படிப்பட்ட துண்டுகளுக்கும் அவற்றின் குறிப்புகளுக்கும் ஓர் அலமாரி வேண்டும் என்று ஆசிரியர்களிடம் நீங்களே கேளுங்கள். கைப்பேசியை மட்டும் நம்பாதீர்கள். கடற்காற்றில் அது சீக்கிரம் பழுதாகும், தொலையும், மாறும். கோடு போட்ட நோட்டில் பென்சிலால் எழுதி, மாதம் ஒருமுறை படங்களை அச்சுப் போட்டு ஒட்டி, பின்னால் தேதியும் கல்லின் ஊரும் குறித்து வையுங்கள். ஒரு வேலைக்கு ஒரு நோட்டு. நிறைந்ததும் எடுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
உங்களுக்கு முன்பே உளி பிடித்த ஒருவன்